ஓமக்குளத்துத் துறவி

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்றோர் இடம் உண்டு. பெரிய கோயிலைக் காண வருவோர் பெரும்பாலும் தேரோடும் வீதிகளோடு திரும்பிவிடுவர்; அவ்விடத்தை நாடிச் செல்வார் சிலரே. திருநாளைப்போவார் என்னும் நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த இடம் அதுவே என்பது ஊர் வழக்கு. அங்கு ஒரு சிவாலயமும் ஒரு மடமும் பள்ளிகளும் உள்ளன. அவற்றை உண்டாக்கிய துறவியின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. சுவாமி சகஜானந்தர் என்பது அவர் துறவுப் பெயர். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் இரண்டு தலைமுறைக்கு எழுத்தறிவித்தவர் அவர் என்றால் அது மிகையன்று.

அவர் பிறந்தது தில்லைச் சீமையில் அன்று. வடார்க்காட்டு ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு இணையர்க்கு மகனாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. சேரியிலிருந்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் செல்வதென்றால் அக்காலத்தில் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்குத்தான் செல்லவேண்டும். ஊர்த் திண்ணைப் பள்ளியின் நிழல் அப்பிள்ளைகள்மீது விழாது. அரசுப் பள்ளியின் கதவு சட்டப்படி திறந்திருந்தாலும் ஊரார் அதைத் திறக்கவிடுவதில்லை. முனுசாமி திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். உணவும் உறைவிடமும் அங்கேயே கிடைத்தன. விவிலியத்தை அவர் கற்ற வேகம் கண்டு மகிழ்ந்த ஆசிரியர்கள் அவருக்குச் சிகாமணி என்று பெயர் சூட்டினர் என்பர். அப்பெயரோடு ஞானஸ்நானமும் பெறவேண்டும் என்ற விருப்பம் எழுந்தபோது அவர் உடன்படவில்லை. படிப்பு அவ்வளவில் நின்றது.

எதற்காக அவர் மறுத்தார் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. பள்ளி தந்த கல்வியை அவர் வெறுத்தவரல்லர். பிற்காலத்தில் அவர் நடத்திய பள்ளியின் அமைப்பும் விடுதி முறையும் மிஷன் பள்ளியைப் பார்த்துக் கற்றவை என்றே தோன்றுகின்றன. சோறும் எழுத்தும் தந்த கை, பதிலுக்குப் பிறந்த வழியை விட்டுவிடச் சொல்லிற்று. மறுபுறம், அவர் விடமாட்டேன் என்று நின்ற அந்தச் சமயத்தின் கோயில்களோ அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தன. தன்னைச் சேர்த்துக்கொள்ளாத வீட்டை விட்டு, தன்னை அழைக்கும் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் சொல்வது எளிதில் விளங்கக்கூடிய செயலன்று. அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு முடிவின் விரிவே எனலாம்.

பள்ளியை விட்ட முனுசாமி கோலார் தங்கவயலுக்குச் சென்றார். வடார்க்காட்டுச் சேரிகளின் உழைப்பாளிகள் திரள்திரளாய்ச் சென்று குடியேறிய இடம் அது. பண்ணைக் கூலியாய்க் கிடந்தவன் அங்கே மாதச் சம்பளம் வாங்கினான். மண்ணுக்கடியில் இறங்கியபோது உயிருக்கு உறுதியில்லை, ஆயினும் மேலே ஏறியபின் அவனை அடிமை என்று அதட்டும் மிராசுதார் எவனும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்பிடித்த இடங்களுள் தங்கவயலும் ஒன்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த பண்டிதர், 1907 முதல் தாம் நடத்திய தமிழன் ஏட்டின் வாயிலாக, இம்மக்கள் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தவர்கள், அதனாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்று எழுதிவந்தார். நந்தன் என்பவன் பண்ணையாள் அல்லன், பௌத்த அரசன் என்பதும் அவர் கட்சி. அக்கருத்துகள் உலவிய ஊரில் இருந்தும் முனுசாமி பௌத்தம் தழுவவில்லை. அங்கு நீலமேக சுவாமிகள் என்னும் துறவியைக் கண்டார். அவர் வழி வேதாந்தத்தில் நாட்டம் கொண்டார். பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து மாணவரானார். தமிழ்ச் சமய நூல்களை அங்கே முறையாகக் கற்றார். சகஜானந்தர் என்ற பெயர் அவ்வாசிரியர் அருளியது.

இவ்வாறு இருபது வயதுக்குள் மூன்று பெயர்கள். முனுசாமி குலத்துக்குரிய பெயர். சிகாமணி பள்ளி கொடுத்தது. சகஜானந்தர் அவரே தேடி அடைந்தது. அவருடைய மக்களுக்கும் அக்காலத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. பறையர், பஞ்சமர் என்றிருந்த அரசுக் குறிப்புகளில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் ஆதி திராவிடர் என்ற பெயர் ஏறிற்று. காந்தியடிகள் ஹரிஜனர் என்றார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியார் என்றது. பெயர் மாற்றுவோர் எல்லாரும் நல்லெண்ணத்தோடே மாற்றினர். குடியிருந்த சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1910ஆம் ஆண்டு ஆசிரியரின் ஆணைப்படி சகஜானந்தர் சிதம்பரம் வந்தார். நந்தனார் வந்த ஊருக்கு நந்தனார் மரபில் ஒருவர் வருகிறார். இதனை வெறும் ஒப்புமையாகக் கொண்டு கடந்துவிடலாகாது. ஏனெனில் சகஜானந்தர் தம் பணிக்கெல்லாம் பிடிமானமாகக் கொண்டது நந்தனார் கதையையே.

அக்கதையைச் சற்று நின்று நோக்கவேண்டும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பெயரளவில் வணங்கிய நாளைப்போவாருக்கு விரிவான கதை தந்தவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருத்தொண்டர் புராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடி வரும் பகுதி கவிஞர்கள் திரும்பத் திரும்பப் படிக்கத் தக்கது. கூரை வேய்ந்த குடில்கள், கோழிக் குஞ்சுகள், நாய்க்குட்டிகள், மர நிழலில் உறங்கும் மகவுகள், பறையோசை என்று அச்சேரியை அருவருப்பின்றிக் கண்ணிறைந்து பார்த்திருக்கிறார். சோழப் பேரரசின் அமைச்சர் ஒருவர் அவ்வளவு அருகில் நின்று பார்த்தது வியப்புக்குரியது. கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் நந்தனார் தருகிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்குகிறது, கொடுத்தவர் வெளியே நிற்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகிக் காட்சி தருகிறது. தில்லையிலோ நந்தி விலகினால் மட்டும் போதவில்லை. தென்மதிற்புறத்தே தீ மூட்டப்படுகிறது. அதில் மூழ்கிப் பூணூல் அணிந்த முனிவராய் எழுந்த பின்னரே உள்ளே செல்ல இயல்கிறது. சேக்கிழாரின் அன்பு எத்துணைப் பெரிதாயினும், பிறந்த உடம்போடு நந்தனாரை அம்பலத்துள் சேர்க்க அவர் காலத்தால் இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றியபோது பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணைக்காரராய்க் கொண்டுவந்து சேர்த்தார். பக்திக் கதை அந்த இடத்தில் நிலத்தின் கதையாயிற்று. நாற்பது வேலி நிலத்து வேலையும் உத்தரவு கேட்டு நிற்கும் ஆளும் தஞ்சைத் தரணியில் அன்றாடம் கண்ட காட்சிகள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதையும் பின்னர் மனமுருகித் தந்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைக்காகத் தயங்கினார் என்பர். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றிப் பாடினர். புதுமைப்பித்தன் புதிய நந்தன் என்று கதை எழுதினார். நாடே நந்தனாரைப் பாடியது, கேட்டுக் கண்ணீர் விட்டது. கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் சேரிப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

சகஜானந்தர் இந்தக் கதையை எடுத்துக்கொண்ட விதம் வேறு. பாடுவதற்கென்று அவர் அதனை எடுக்கவில்லை. உரிமைப் பத்திரம் போல் கையில் வைத்துக்கொண்டார். அறுபத்து மூவருள் ஒருவர் எங்களவர். கோயில் பிராகாரத்தில் அவருக்கு வழிபாடு நடக்கிறது. ஆகவே இந்தச் சமயத்தில் நாங்கள் விருந்தினரும் அல்லர், அயலாரும் அல்லர் என்பது அவர் நிலை. கிறித்துவம், பௌத்தம் ஆகிய இரு வாயில்களும் திறந்திருக்க, மூடிய வாயிலின் முன்னேயே அவர் நின்றதற்குக் காரணம் இந்தப் பத்திரத்தின்மீது கொண்ட நம்பிக்கைதான்.

ஆயினும் அவர் முதலில் தட்டியது கோயில் கதவை அன்று. 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தி இருபத்தைந்து பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி கண்டார். தீ மூட்டியதாகச் சொல்லப்படும் இடத்தில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்தார். மிராசுதாரின் மாட்டுக்குப் பின்னால் போகவேண்டிய சிறுவனைப் பள்ளிக்கு அழைப்பதென்றால், அவன் கொண்டுவரும் கூலியை இழக்கும் பெற்றோரையும், ஆளை இழக்கும் பண்ணையையும் ஒருங்கே சமாளிக்கவேண்டும். நெல் அறுவடைக் காலத்தில் ஊர்ஊராய்ச் சென்று நெல்லும் பொருளும் திரட்டினாலன்றி விடுதி நடவாது. மாவட்டத் தலைநகர் கடலூர். பள்ளிக்கு வேண்டிய அனுமதியும் மானியமும் அங்குள்ள அலுவலகங்களின் படியேறினால்தான் கிடைக்கும். கரையேறவிட்ட குப்பத்தில் நாவுக்கரசர் கல்லோடு கரை சேர்ந்த அவ்வூருக்கு, சகஜானந்தர் விண்ணப்பங்களோடு போய்வந்தார். பெண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்று ஓமக்குளத்தில் நந்தனார் பெயரால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் நடப்பது அந்த வித்தின் விளைவே.

சகஜானந்தர் படித்த மிஷனின் தலைமையிடம் நியூயார்க்கு நகரம். அந்நகரில் அதே காலத்தில் ஆர்துரோ சோம்பர்க்கு என்பவர் வாழ்ந்துவந்தார். 1874இல் போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்த கறுப்பர் அவர், தாய்மொழி எசுப்பானியம். 1891இல் நியூயார்க்கில் குடியேறினார். அமெரிக்கக் கறுப்பர்களுக்கு அவர் எசுப்பானியம் பேசும் அயலார். எசுப்பானியம் பேசும் குடியேறிகள் பலருக்கு அவர் கறுப்பர். வெள்ளையர்க்கோ எந்த வேறுபாடும் தேவைப்படவில்லை. சில இடங்களில் ஆர்துரோ என்றும் சில இடங்களில் ஆர்தர் என்றும் கையெழுத்திட்டார். கறுப்பர்க்கு வரலாறே இல்லை என்று சிறுவயதில் ஆசிரியர் ஒருவர் கூறிய சொல் அவரை வாழ்நாள் முழுதும் துரத்திற்று என்பர். வங்கி ஒன்றில் அஞ்சல் பிரிவில் வேலைபார்த்துக்கொண்டே நூல்களும் கையெழுத்துப் படிகளும் ஓவியங்களுமாய் ஆயிரக்கணக்கில் திரட்டினார். 1926இல் அத்தொகுதியை நியூயார்க்குப் பொது நூலகத்துக்காகப் பத்தாயிரம் டாலர் கொடுத்து வாங்கினர். ஆர்லெம் பகுதியில் அது இன்றும் அவர் பெயரால் பெரும் ஆய்வு நிலையமாக விளங்குகிறது. சோம்பர்க்கு ஏடுகளில் தேடியதைச் சகஜானந்தர் ஒரே ஒரு புராணத்தில் கண்டுகொண்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தாரில்லை. இரண்டு வட்டங்களிலும் பாதி உரியவராய் வாழ்ந்தவர்க்குப் பழமையின் சான்று எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் சான்று.

அதே 1926ஆம் ஆண்டில் சகஜானந்தர் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினரானார். 1932 வரை அப்பொறுப்பில் இருந்தார். காவி உடுத்த ஆதி திராவிடத் துறவி அவ்வவையில் எழுந்து நின்றதே பலருக்குப் புதுமை. பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தல், உதவித்தொகை, விடுதிகள், குடியிருப்பு மனை, குடிநீர் என்பனவே அவர் பேச்சின் பொருள்கள். தத்துவம் பேசவல்லவர் அங்கே கிணற்றைப் பற்றிப் பேசினார். அவ்வுரைகள் பிற்காலத்தில் திரட்டப்பட்டு நூலாகியுள்ளன.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனார் ஊர் என்பதனாலேயே அங்கு வர அவர் ஆவல் கொண்டிருந்தார். அன்பினால் அடைத்த கதவைத் திறந்த அறப்போராளியாக நந்தனாரைக் கண்டார். இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடவேண்டும். காந்தியடிகளுக்கு நந்தனார் உயர்சாதியாரின் நெஞ்சை உருக்கும் முன்மாதிரி. சகஜானந்தருக்கு அவர் முன்னோர். முன்மாதிரியைப் புகழலாம், முன்னோருக்குப் பிள்ளைகள் உண்டு, பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு.

திருவிதாங்கூரில் 1936இல் கோயில்கள் திறந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8இல் வைத்தியநாதையர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. தில்லைக் கோயில் பொது தீட்சிதர்களின் ஆளுகையில் உள்ளது. அதன் கதவு எளிதில் அசையவில்லை. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. சகஜானந்தர் சிதம்பரத்துக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. நாளைப்போவார் என்ற பெயரின் பொருளை அவரைப்போல் உணர்ந்தவர் இலர். நந்தனார் நுழைந்த தெற்கு வாயில் அதன்பின் அடைக்கப்பட்டது என்னும் பேச்சும், அதைத் திறக்கவேண்டும் என்னும் கோரிக்கையும் அவ்வூரில் இன்றும் ஓயவில்லை.

அவர் தேர்ந்த வழியை அவருடைய மக்களுள் அனைவரும் ஏற்றனர் என்று கூறமுடியாது. 1935இல் இயோலா மாநாட்டில் அம்பேத்கர் தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்தபோது சகஜானந்தர் மதமாற்றத்துக்கு உடன்படவில்லை. திண்டிவனத்தில் சிறுவனாய்ச் சொன்ன விடையையே நாற்பத்தைந்து வயதிலும் சொன்னார். 1956 அக்டோபரில் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினர். அதையும் அவர் கண்டார். ஏற்றுக்கொள்ளாத வீட்டின் வாயிலில் இத்தனை ஆண்டுகள் நிற்பது தன்மானமா என்று அவரைக் கேட்டவர்கள் இருந்திருப்பர்; கேட்கத் தகுந்த கேள்விதான். காங்கிரசில் அவரோடு இருந்தோருள் மிராசுதார்களும் உண்டு. நிலத்துக்கும் கூலிக்குமான போர் தஞ்சையிலும் தென்னார்க்காட்டின் தென்பகுதியிலும் மூண்டபோது அதன் முன்னணியில் பிறரே நின்றனர். சகஜானந்தர் பள்ளியில் நின்றார். இது குறையெனில் குறைதான். ஆயின் பின்னாளில் அப்போர்களுக்குத் துண்டறிக்கை எழுதவும் வழக்காடவும் வல்ல கைகள் சேரிகளில் உண்டானதற்கு அவர் பள்ளியும் ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது.

விடுதலைக்குப் பின் 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் இரட்டையுறுப்பினர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இல்லறம் மேற்கொள்ளாதவர், தமக்கென்று எதுவும் சேர்க்கவில்லை. ஊரார் தந்ததும் அரசு தந்ததும் பள்ளிக்கும் விடுதிக்குமே சென்றன. அவரைச் சாதியினரின் சாமியார் என்று சிலர் ஒதுக்கினர். சாமியாருக்கு அரசியல் எதற்கு என்று சிலர் நகைத்தனர். சைவ மடங்களின் வரிசையில் நந்தனார் மடத்துக்கு உரிய இடம் தரப்பட்டதா என்பதை அம்மடங்களின் வரலாறு எழுதுவோர் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு இலக்கிய வரலாறுகளிலும் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. நந்தனாரைப் பாடிய அனைவரையும் அறிந்த கவிஞர்கள் நந்தனாரின் பள்ளிக்கூடத்தை அறியாதிருப்பது எவ்வாறு நேர்ந்தது?

1959 மே முதல் நாள் சுவாமி சகஜானந்தர் மறைந்தார். ஓமக்குளத்திலேயே அவரைச் சமாதி வைத்தனர். பின்னர் அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பிற்று. ஆண்டுதோறும் ஜனவரி 27இல் அங்கு மாலைகள் விழுகின்றன. மற்ற நாட்களில் காலையில் பள்ளி மணி அடிக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்தும் புவனகிரிப் பக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் கோபுரம் தெரியும்.